மந்த கால பட்ஜெட் கேள்வி: அரசுப் பணிக்கான மெயின்ஸ் (முதன்மை எழுத்துத் தேர்வு) எழுதுவோருக்கு என் அனுபவம்

"பொருளாதார மந்தத்தில் மத்திய அரசின் நிதிநிலை" என்ற கேள்விக்கு மாதிரித் தேர்வில் நான் வாங்கியது 10-க்கு 3. கொரோனாவில் அரசு நிறையச் செலவழித்தது, அதனால் பற்றாக்குறை கூடியது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் "வரவு எங்கே?" என்று மட்டும் கேட்டிருந்தார். நான் படிக்கும் முறையே அன்றோடு மாறியது.

அன்றிரவே மத்திய பட்ஜெட்டின் சுருக்கமான 'பட்ஜெட் ஒரு பார்வை' ஆவணத்தை எடுத்து, 2020-21-க்கான பட்ஜெட் மதிப்பீட்டையும் (ஆண்டு தொடங்கும் முன் போட்ட கணக்கு) திருத்திய மதிப்பீட்டையும் (ஆண்டு முடியும் தறுவாயில் மாற்றிய கணக்கு) ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதினேன். நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கி ஈடுகட்ட வேண்டிய தொகை, ரூ.7.96 லட்சம் கோடியிலிருந்து 18.49 லட்சம் கோடிக்குப் போயிருந்தது. கூடியது சுமார் 10.5 லட்சம் கோடி. செலவோ 30.42-லிருந்து 34.50 லட்சம் கோடிதான். அதாவது 4 லட்சம் கோடிதான் செலவால் வந்தது, மீதி 6.4 லட்சம் கோடி வராமல் போன பணம். வரி முதலியவற்றால் வரும் வருவாய் வரவில் மட்டும் 4.66 லட்சம் கோடி துண்டு விழுந்தது. அரசு நிறுவனங்களின் பங்கு விற்பனையில் 2.10 லட்சம் கோடி எதிர்பார்த்த இடத்தில் 32,000 கோடிதான் மதிப்பிட்டிருந்தார்கள்.

சதவீதத்தை மனப்பாடம் செய்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 சதவீதமாக இருந்த பற்றாக்குறை 9.5 ஆனதில் வகுக்கும் எண்ணுக்கும் பங்கு உண்டு. மொத்த உள்நாட்டு உற்பத்தி 224.89 லட்சம் கோடி இருக்கும் என்று போட்ட கணக்கு 194.82 ஆகச் சுருங்கிவிட்டது. பழைய எண்ணாலேயே வகுத்திருந்தால் விடை 8.2 சதவீதம்தான். கால்குலேட்டர் வேண்டாம், கையாலேயே போட்டுப் பாருங்கள். அப்போதுதான் மனதில் நிற்கும்.

கூடிய செலவிலும் கவனம் வேண்டும். உணவு மானியம் 1.16 லட்சம் கோடியிலிருந்து 4.23 லட்சம் கோடியானது. இலவச தானியம் ஒரு காரணம். இந்திய உணவுக் கழகம் சிறுசேமிப்பு நிதியிலிருந்து வாங்கியிருந்த பழைய கடனை பட்ஜெட் கணக்குக்குள் கொண்டுவந்தது இன்னொரு காரணம். இதைச் சொல்லாமல் "ஏழைகளுக்கான செலவு மும்மடங்கு" என்று எழுதுவது தவறு. நூறு நாள் வேலைக்கு 61,500 கோடி 1,11,500 கோடியானது, அது மெய்யாகவே மக்கள் கைக்குப் போனது.

பெரிய வரிகளில் ஒன்றின் வசூல் மட்டும் குறையாமல் எதிர்த்திசையில் போனது: கலால் வரி, 2.67-லிருந்து 3.61 லட்சம் கோடி. 2020 மார்ச்சிலும் மே மாதத்திலும் பெட்ரோல், டீசல் மீது இந்த வரியை உயர்த்தியதன் விளைவு. விடைத்தாளில் இந்த ஒரு குறிப்பை எழுதினால் ஆவணத்தைப் படித்திருக்கிறீர்கள் என்பது தெரியும்.

இதே தாள் வேலையை உலக நிதி நெருக்கடி வந்த 2008-09-க்கும் செய்யுங்கள். அங்கே பற்றாக்குறை 2.5 சதவீதத்திலிருந்து 6 சதவீதத்துக்குப் போனது, ஆனால் பெரும்பங்கு செலவின் பக்கம்: உர மானியம், விவசாயக் கடன் தள்ளுபடி, ஆறாவது ஊதியக் குழுவால் கூடிய அரசு ஊழியர் சம்பளம். வரவு விழுந்தது கொஞ்சம்தான். இரண்டு தாளையும் அருகருகே வைத்து, பார்க்காமல் 150 சொற்களில் எழுதிப் பாருங்கள்.