நிமாலிங் காற்றுக்கு நிற்கும் டென்ட்: எதைப் பார்த்து வாங்குவது, எப்படி அடிப்பது

லடாக்கில் மார்க்கா பள்ளத்தாக்கு நடை முடித்துத் திரும்பிய சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். காரணம் எரிச்சல்தான். நடையின் கடைசி முகாமான நிமாலிங்கில் செப்டம்பர் பிற்பகுதியில் வரிசையாக நின்ற டென்ட்டுகளில் பாதி, "4 சீசன்", அதாவது பனிக்காலம் உட்பட நான்கு பருவத்துக்கும் தாங்கும் என்று உறையில் அச்சடித்து விற்கப்பட்டவை. மதியக் காற்று எழும்பியதும் அவற்றின் சுவர் உட்பக்கம் மடங்கி, தூங்குகிறவர் முகத்தில் வந்து படிந்தது. வலைத்துணி வழியாகப் புழுதி உள்ளே கொட்டியது. பணம் கொடுத்தவர்கள் பாவம்.

நிமாலிங் ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில் இருக்கும் திறந்த புல்வெளி. ஒதுங்க ஒரு மரம் கிடையாது. எதிரே காங் யாட்சே சிகரம், மறுநாள் ஏற வேண்டிய கோங்மாரு லா கணவாய் 5,200 மீட்டருக்கு மேல். செப்டம்பரிலேயே இரவில் தண்ணீர் பாட்டில் உறையும், பனியும் விழலாம். டென்ட்டைச் சோதிக்க இதைவிடக் கறாரான இடம் வேண்டியதில்லை.

வாங்குவது, சுமப்பது, அடிப்பது, வைப்பது என்று வரிசையாகப் போகலாம். ஆனால் முதலில் ஒரு தப்பான எண்ணத்தை உடைக்க வேண்டும். நான்கு பருவ டென்ட் குளிருக்கு வாங்குவது அல்ல. வெளியே இருப்பதைவிட உள்ளே சில டிகிரி கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். குளிரைத் தடுப்பது ஸ்லீப்பிங் பேக்கும் அதற்குக் கீழே விரிக்கும் ஸ்லீப்பிங் மேட்டும்தான். ஸ்லீப்பிங் மேட்டின் ஆர் மதிப்பு (தரைக் குளிரைத் தடுக்கும் திறனின் அளவு) 5-க்குக் குறைந்தால் எந்த டென்ட்டும் காப்பாற்றாது, தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இந்த டென்ட்டுக்குக் கொடுக்கும் காசு காற்றையும் பனிச் சுமையையும் தாங்குவதற்கு.

அதனால் கடையில் முதலில் பார்க்க வேண்டியது போல்கள், அதாவது டென்ட்டைத் தூக்கி நிறுத்தும் கம்பிகள். சாதாரண டோம் டென்ட்டில் இரண்டு போல்கள் உச்சியில் ஒரே இடத்தில் குறுக்காக வெட்டிக்கொள்ளும். காற்று பக்கவாட்டில் அடித்தால் அந்த ஒற்றை வெட்டுப்புள்ளி மட்டும் தாங்கிப் பயனில்லை. ஜியோடெசிக் வகையில் நான்கு ஐந்து போல்கள் பல இடங்களில் வெட்டிக்கொள்வதால் துணி சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரிந்து, எந்தப் பக்கத்துக் காற்றும் சட்டகம் முழுக்கப் பரவிவிடும். நார்த் ஃபேஸின் விஇ 25 இந்த வகைக்குப் பழைய உதாரணம். ஆனால் எடை ஐந்து கிலோவை ஒட்டி வரும். சுரங்கம் போல் நீண்ட டனல் வகை எடை குறைவு, இடம் தாராளம், ஆனால் முளை அடிக்காமல் நிற்கவே நிற்காது. பக்கவாட்டுக் காற்றில் அசையும். லடாக்கின் கல் தரைக்கு, தானாக நிற்கக்கூடிய, மூன்று போலுக்குக் குறையாத டோம் அல்லது ஜியோடெசிக்தான் என் ஓட்டு.

போல் அலுமினியமாக இருக்க வேண்டும், விட்டம் 9 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஃபைபர்கிளாஸ் போல் விலை மலிவு. குளிரில் அது வளையாது, நீளவாக்கில் பிளந்து சிராய் சிராயாக நிற்கும், அந்தச் சிராய் மேல்துணியையும் கிழிக்கும். அலுமினியம் பெரும்பாலும் முதலில் வளையும், அப்படியே இரவைக் கடத்தலாம்.

அடுத்து மேல்துணி, உள் டென்ட்டுக்கு மேலே போர்த்தும் வெளி உறை. கீழ் விளிம்பு தரையைத் தொடும் அளவுக்கு இறங்க வேண்டும். உள்துணி முழுக்க வலையாக இருந்தால் அது மூன்று பருவ டென்ட்தான், உறையில் என்ன எழுதியிருந்தாலும். வலை இருக்கலாம், ஆனால் ஜிப் போட்டு மூடக்கூடிய துணிக் கதவு அதற்குமேல் இருக்க வேண்டும். சில மலிவு டென்ட்டுகளில் மேல்துணியின் விளிம்பில் ஒரு முழம் பாவாடை தைத்து, அதை மட்டும் காட்டி நான்கு பருவம் என்கிறார்கள். பாவாடை பனித்தூளும் புழுதியும் கீழ்வழியாக நுழைவதைத் தடுக்கும். 8 மில்லிமீட்டர் போலை அது 9 ஆக்காது.

கடைக்காரர் முகம் சுளித்தாலும் மேல்துணியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழுகயிறு கட்டும் ஒவ்வொரு வளையத்துக்கும் நேர் உட்புறத்தில், போலைச் சுற்றி ஒட்டும் ஒரு வெல்க்ரோ பட்டை இருக்கிறதா? அதுதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் இழுகயிறு துணியை மட்டும் இழுக்கும், போல் தன்பாட்டுக்கு ஆடும். இருந்தும் பலர் அதை ஒட்டுவதே இல்லை, நிமாலிங்கில் சரிந்த நல்ல டென்ட்டுகளுக்கு இதுதான் காரணம். வளையம் தைத்த இடத்தில் இரட்டைத் துணி வைத்திருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள். ஜிப் ஸ்லைடரில் 5 என்று எண் இருந்தால் யோசியுங்கள், 8 அல்லது 10 இருந்தால் லடாக் புழுதியில் நீண்ட காலம் வரும்.

துணி நைலானா பாலியஸ்டரா என்ற சண்டைக்கு ஒரே பதில் இல்லை. நைலான் அதே எடைக்கு வலுவானது, ஆனால் ஈரம் பட்டால் தொய்யும், இரவில் எழுந்து கயிற்றை மறுபடி இறுக்க வேண்டும். பாலியஸ்டர் தொய்யாது, உயர மலையின் புற ஊதா வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். சிலிக்கான் பூச்சுள்ள நைலான்தான் கிழிசலுக்கு அதிகம் ஈடுகொடுக்கும். விலையும் அதற்கேற்ப. ஸ்வீடனின் ஹில்லபெர்க் டென்ட்டுகள் அந்த வகை, விலை ஐம்பதாயிரத்தை எளிதாகத் தாண்டும்.

இங்கேதான் பட்ஜெட் கவலை. ஜூலை, ஆகஸ்டில் மார்க்கா போகிறீர்கள் என்றால் டென்ட்டே வாங்காதீர்கள். சில்லிங், ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று வழி நெடுக வீட்டு விடுதிகள் உண்டு. நிமாலிங்கிலும் அந்தப் பருவத்தில் நிலையான டென்ட் முகாம் இருக்கும். லடாக்கின் முக்கிய ஊரான லேயில் சங்ஸ்பா சாலைப் பக்கம் வாடகைக்கும் டென்ட் கிடைக்கும். எடுப்பதற்கு முன் கடை வாசலிலேயே முழுக்க விரித்துப் போல், ஜிப், முளை எண்ணிக்கை எல்லாம் பார்த்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பருவம் தப்பிய மாதங்களில் மலைக்குப் போகிறவர்களுக்குத்தான் சொந்த டென்ட் கணக்குக்கு வரும்.

ஹங்கரில் ஸ்கியு (ஊர் அல்ல, அதே பெயரில் ஒரு லடாக்கி உணவு) சாப்பிடாமல் வரவே வராதீர்கள். கோதுமை மாவைப் பிசைந்து கட்டைவிரலால் அழுத்திச் சின்னக் கிண்ணம் போல் குழித்து, உருளைக்கிழங்கு, டர்னிப், கீரையோடு குழம்பிலேயே வேகவிட்டு இறக்குகிறார்கள். ஆவி பறக்க ஒரு தட்டு உள்ளே போனால் நாள் முழுக்க நடந்த களைப்பு பறந்துவிடும். வழியில் பழைய ராணுவப் பாராசூட்டை ஒற்றைக் கம்பத்தில் தூக்கிக் கட்டிய தேநீர்க் கூடாரங்களும் உண்டு. அங்கே நூடுல்ஸும் தேநீரும் கிடைக்கும் வரை கேஸைச் செலவழிக்காதீர்கள். கேஸ் உருளையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது, லேயில்தான் வாங்க வேண்டும்.

விமானம் என்றதும் எடை. சென்னையிலிருந்து டெல்லி வழியாக லே போகும் சாதாரண டிக்கெட்டில் செக்-இன் 15 கிலோ. மூன்றரை கிலோ டென்ட், ஸ்லீப்பிங் பேக், பூட்ஸ் எல்லாம் சேர்ந்தால் முள் எகிறிவிடும், கூடுதல் கிலோவுக்குக் கவுன்ட்டரில் கேட்கும் தொகை வயிற்றைக் கலக்கும். பூட்ஸைக் காலிலும் ஜாக்கெட்டை உடம்பிலும் போட்டுக்கொள்ளுங்கள், துணிப் பகுதியைக் கைப்பையில் வைக்கலாம். போலும் முளையும் செக்-இன்னில் போக வேண்டும், கூர்மையான உலோகத்தைப் பாதுகாப்புச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். லே 3,500 மீட்டர். இறங்கியதும், உயரத்துக்கு உடம்பு பழக, குறைந்தது இரண்டு நாள் சும்மா இருந்தே ஆக வேண்டும்.

இனி அடிப்பது. நிமாலிங்கில் நீரோடைக்கு மிக அருகே போடாதீர்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தில்தான் தேங்கும். கொஞ்சம் மேடான, ஆட்டுப் பட்டிக் கல்சுவர் மறைக்கும் இடம் கிடைத்தால் விடாதீர்கள். டென்ட்டின் குறுகிய, தாழ்ந்த முனை காற்றைப் பார்க்க வேண்டும், வாசல் எதிர்ப்பக்கம். உறையிலிருந்து துணியை உருவியதும் முதல் வேலை, காற்று வரும் பக்கத்து இரண்டு மூலைகளுக்கு முளை அடிப்பது. அதற்குப் பிறகுதான் போலைத் தொட வேண்டும். இந்த வரிசை மாறினால் டென்ட் பட்டமாகிவிடும்.

போலைத் துணிக்குழாய்க்குள் தள்ள வேண்டும், மறுமுனையில் நின்று இழுக்கக்கூடாது. இழுத்தால் உள்ளே இருக்கும் ரப்பர் கயிறு நீண்டு மூட்டு கழன்று, கழன்ற விளிம்பு துணியில் குத்தும். மூட்டு முழுக்கச் சேராமல் வளைத்தால் அந்த இடத்தில்தான் போல் உடையும். கழற்றும்போது நடுவிலிருந்து இரு பக்கமும் மடக்கினால் ரப்பர் ஒரே சீராக இழுபடும்.

முளையின் தலை டென்ட்டைவிட்டு வெளிப்பக்கம் சாய்ந்து, கயிற்றோடு ஏறத்தாழ செங்கோணத்தில் நிற்க வேண்டும். கூடவே வரும் மெல்லிய வட்டக் கம்பி முளைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒய் வடிவ அலுமினிய முளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிமாலிங் தரையில் நாலு விரல் கீழே கல். முளை இறங்காத இடத்தில் இரண்டு கல் முறைதான். கயிற்றின் நுனியில் பெரிய வளையம் போட்டு, வளையத்துக்குள் தேங்காய் அளவுக் கல் ஒன்றை வையுங்கள். டென்ட்டுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில், கயிற்றின் மேலேயே, இரண்டு கையால் தூக்கக்கூடிய பெரிய கல்லை ஏற்றுங்கள். காற்று இழுக்கும்போது சின்னக் கல் பெரிய கல்லில் போய் முட்டி இறுகும். கூரான பெரிய கல்லில் கயிற்றை நேரடியாகச் சுற்றினால் இரவு முழுக்க உரசி விடிவதற்குள் அறுந்துவிடும். கயிறு பளிச்சென்ற நிறத்தில் இருப்பது நல்லது, இரவில் மேயும் மட்டக்குதிரைகள் தடுக்கி விழுந்தால் கயிற்றோடு போலும் போகும்.

பனி விழுந்திருந்தால் முளை நேராக நிற்காது. ஸ்டஃப் பையில் (சாமானைத் திணித்து வைக்கும் துணிப்பை) பனியை நிரப்பிக் கழுத்தில் கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் படுக்கையாகப் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். அரை மணி நேரம் தொடாதீர்கள். மிதித்த பனி இறுகிக் கட்டியாகும், பிறகு முழு பலத்தோடு இழுத்தாலும் வராது.

இழுகயிறு அத்தனையையும் கட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கிறதே என்று நான்கோடு நிறுத்துகிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு ஹெட்லாம்ப்போடு வெளியே ஓடுவார்கள்.

அடுத்த தொல்லை உள்ளே வேர்ப்பது. குளிருக்குப் பயந்து எல்லாக் காற்றுத் துளைகளையும் மூடினால் மூச்சின் ஈரம் மேல்துணியின் உட்புறத்தில் உறைந்து, விடியற்காலையில் கை பட்டாலே தூளாகத் தலையில் கொட்டும். மேல் துளைகள் இரண்டும் இரவு முழுக்கத் திறந்தே இருக்க வேண்டும். பனி பெய்தால் அவ்வப்போது உள்ளிருந்து தட்டி இறக்கி, துளை மூடிக்கொள்ளாமல் பார்க்க வேண்டும். வெயில் படுவதற்கு முன் உறைபனியைத் துடைத்தெடுத்தால் உலர்ந்த டென்ட்டை மடக்கலாம், விட்டால் அரை கிலோ தண்ணீரைச் சேர்த்துச் சுமப்பீர்கள். டென்ட்டுக்குள் அடுப்பு கூடவே கூடாது. நெருப்பைவிட ஆபத்து கார்பன் மோனாக்சைடு, அதற்கு வாசனை கிடையாது. வெளியே முடியவே முடியாதபோது, உள்கதவுக்கும் மேல்துணிக்கும் நடுவில் இருக்கும் முன்திண்ணையில், வெளிக்கதவை மேலும் கீழும் திறந்து வைத்து மட்டும்.

பழுது பார்க்கும் பையில் நான்கு பொருள் போதும்: போலின் விட்டத்தைவிடச் சற்றே பெரிய அலுமினியக் குழாய்த் துண்டு, டக்ட் டேப், ஊசி நூல், சின்ன குறடு. உடைந்த இடத்தில் குழாயை நகர்த்தி இரு முனையிலும் டேப் சுற்றினால் போல் ஊர் வரை வரும். ஜிப் ஏறியும் பல் சேராமல் பிளந்தால் குற்றம் பெரும்பாலும் ஸ்லைடரில், பல்லில் அல்ல. புழுதி அரைத்து ஸ்லைடரின் வாய் விரிந்திருக்கும். குறடால் இரு பக்கமும் மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினால் சரியாகும். தினமும் பழைய டூத்பிரஷால் ஜிப்பைத் துலக்கினால் அந்த நிலையே வராது.

கோங்மாரு லா இறங்கி ஷாங் சும்தோ வந்ததும் டாக்சி. லே டாக்சி சங்கம் ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி விலை நிர்ணயித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. ஆனால் மலையிலிருந்து களைத்து இறங்குகிறவரிடம் ஓட்டுநர் கேட்டது அதைவிட எக்கச்சக்கம், "லேயிலிருந்து காலியாக வந்தேன்" என்று காரணம் வேறு. இது பகல் கொள்ளை. லேயிலேயே பட்டியலைப் போனில் படம் எடுத்து, திரும்பும் நாளைச் சொல்லி வண்டி பேசிவிடுங்கள். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

வீடு திரும்பியதும் தூக்கம் வரும், ஆனால் டென்ட்டை அன்றே விரித்துவிடுங்கள். லடாக் காற்றுக்குத் தப்பிய டென்ட்டைக் கொல்வது சென்னைப் புழுக்கம்தான். பெரும்பாலான டென்ட்டுகளின் உட்பூச்சு பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்தால் அது சிதைந்து பிசுபிசுக்கும், புளித்த நாற்றம் வரும், பிறகு செதில் செதிலாக உரியும். வாஷிங் மெஷின் வேண்டாம், சலவைப் பவுடர் வேண்டாம். வெறும் தண்ணீரில் பஞ்சால் துடைத்து, நேர் வெயில் படாமல் மின்விசிறியின் கீழ் இரண்டு நாள் காயவிடுங்கள். தையல் மடிப்பும் வெல்க்ரோவும்தான் கடைசியில் காயும். இறுக்கமான உறையில் திணிக்காமல் பழைய பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, அலமாரியின் மேல் தட்டில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்கால மாதங்களில் ஒருமுறை வெளியே எடுத்து உதறுங்கள். அடித்துணியில் மட்டும் பூச்சு உரிந்திருந்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் தேய்த்து எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு தடவிப் பயன்படுத்தலாம். மேல்துணி பிசுபிசுத்துவிட்டால் அதற்குச் செலவழிக்காதீர்கள், போல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.