வெள்ளியில் ஒரு சிப்பிப்பாறை

வேலூர் லாங் பஜாரை ஒட்டிய சந்தில் எங்கள் பட்டறை. அப்பா காலத்தில் கொலுசு, மெட்டி, அரைஞாண். இப்போது வருகிறவர்களில் பலர் போனில் தங்கள் நாயின் படத்தை நீட்டி, "அண்ணா, இவன்தான் எங்க டைகர், டாலரா செஞ்சு குடுங்க" என்கிறார்கள்.

நான் முதலில் பார்ப்பது காதையும் வாலையும். ரூபாய்க் காசு அகலத் தகட்டில் இன்ன இனம் என்று காட்ட அவைதான் கைகொடுக்கும். லாப்ரடார் பெரும் தொல்லை. எல்லாமே உருண்டை, கொஞ்சம் அசந்தால் கன்றுக்குட்டி ஆகிவிடும். பக் நாய்க்கு (ஹட்ச் செல்போன் விளம்பரப் புண்ணியம், இன்னும் கேட்டு வருகிறார்கள்) நெற்றிச் சுருக்கம் சரியாக விழுந்தால் போதும்.

வெள்ளிக்கென்றே பிறந்தது நம்மூர் வேட்டை நாய் சிப்பிப்பாறை. நீண்ட மூஞ்சி, இறங்கிய நெஞ்சு, ஒட்டிய வயிறு. அந்தக் குச்சிக் கால்கள்தான் சிக்கல், துணியில் மாட்டி வளைந்துவிடும். அதனால் பாய்ந்து ஓடுகிற நிலையில் வரைவேன். அப்போது நான்கு காலும் வயிற்றுக்கடியில் வந்து கூடும் ஒரு கணம் உண்டு. அந்த இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்துவிட்டால் கால்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். ராஜபாளையத்துக்கு மூக்கில் இளஞ்சிவப்பு எனாமல் ஒரு துளி. அது இல்லாவிட்டால் வளர்க்கிறவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

காசுள்ள இடத்தில் இதை எங்கேயோ கொண்டுபோயிருக்கிறார்கள். இங்கிலாந்து அரசர் ஏழாம் எட்வர்டின் டெரியர் நாய் சீசரை ரஷ்ய நகைக்காரர் ஃபாபெர்ஜேயின் பட்டறை சால்செடனி கல்லில் செதுக்கியது. கண்ணுக்கு மாணிக்கம். கழுத்துப்பட்டையில் 'நான் அரசருடையவன்' என்று எழுத்து.

சரி, நம் பழைய வடஆற்காட்டுக்கு வருவோம். எடுத்தனூர் நடுகல் (மாண்ட வீரனுக்கு நட்ட நினைவுக் கல்), 1989 மாவட்டப் பிரிவினைக்குப் பிறகு திருவண்ணாமலை மாவட்டக் கணக்கு. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்னும் நாய் இரு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று வெட்டியிருக்கிறார்கள். சீசருக்கு எசமான் பெருமை. கோவிவனுக்கோ சொந்தப் பெயர், செய்த வேலை இரண்டும். எனக்கு இதுதான் பிடிக்கிறது.

இதைப் படித்த பிறகு டாலரின் பின்பக்கத்தில் பெயரோடு நாயின் குணத்தையும் கேட்டு வெட்டுகிறேன். காட்பாடி அக்கா ஒருவர் எழுதிக் கொடுத்தது: 'மணி. சிலிண்டர்காரரை மட்டும் விடமாட்டான்.' எழுத்து அடங்கவில்லை, டாலரைப் பெரிதாக்க வேண்டியதாயிற்று.