இரண்டே முக்கால் மணி நேரக் கணக்கு ஐம்பது நிமிடமானது

திருவிடைமருதூர் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டு மாடியறையில் உட்கார்ந்துதான் எஸ்பேஸ் (நிறுவனக் கணக்குகளைப் பல கோணங்களில் கூட்டித் தரும் ஆரக்கிள் மென்பொருள்) வேலை பார்க்கிறேன். போன ஐப்பசி அடைமழையில் மாத முடிவுக் கணக்கு ஓட்டினேன். எல்லாக் கிளைகளுக்கும் எல்லாப் பொருள்களுக்கும் கூட்டி முடிக்க 2 மணி 45 நிமிடம் ஆனது.

முதலில் தப்புத்தான் செய்தேன். சர்வரில் 16 ஜிபி ரேம் இருக்கிறதே என்று டேட்டா கேச்சை, அதாவது டிஸ்க்கிலிருந்து எடுத்த தரவை ரேமில் கையருகே வைத்திருக்கும் இடத்தை, 10 ஜிபி ஆக்கினேன். அதே சர்வரில் இன்னும் நாலு க்யூப்கள் (எஸ்பேஸ் தரவுத்தளங்கள்) இருக்கின்றன. ரேம் பற்றாமல் எல்லாம் டிஸ்க்குக்குப் போய் வர ஆரம்பித்தது. கணக்கு நாலு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் மில்லுக்கு அனுப்ப ஒரு மூட்டை நெல் வேண்டும் என்று அம்மா கேட்டார். அப்பா பத்தாயத்துக்குப் போனார். மூன்று அறை, ஒவ்வொன்றின் மேலும் சாக்பீஸில் எழுதியிருக்கும்: ஆடுதுறை 45, சி.ஆர். 1009, விதைநெல். கீழே உள்ள சின்னக் கதவைத் தூக்கியதும் நெல் சரசரவென்று சாக்கில் இறங்கியது. வேளாவேளைக்கு உலை வைக்க யாரும் பத்தாயத்தைத் திறப்பதில்லை. அதற்கு அடுப்படியில் அரிசி டிரம் இருக்கிறது. மொத்த நெல்லையும் யாரும் அடுப்படிக்குக் கொண்டுவருவதும் இல்லை. எது எங்கே என்று காட்டும் சாக்பீஸ் எழுத்துதான் இண்டெக்ஸ் கேச், டிரம்தான் டேட்டா கேச் என்று அங்கே நிற்கும்போதே பட்டது.

மாடிக்கு வந்து, இந்த முறை கணக்குப் போட்டுவிட்டுத்தான் கை வைத்தேன். என் க்யூபில் 28 லட்சம் ப்ளாக்குகள் (தரவுத் தொகுதிகள்). ஒரு ப்ளாக்குக்கு இண்டெக்ஸில் 112 பைட். மொத்தம் சுமார் 300 எம்பி. இண்டெக்ஸ் கேச்சுக்கு இதுவரை இருந்ததோ இயல்பாக வரும் 1 எம்பி! அதை 320 எம்பி ஆக்கினேன். டேட்டா கேச்சுக்கு, பேஜ் ஃபைல் (டிஸ்க்கில் தரவு இருக்கும் ஃபைல்) அளவில் எட்டில் ஒரு பங்கு என்பது வழக்கமான ஆரம்பப் புள்ளி. ஃபைல் 14 ஜிபி, பங்கு 1.75 ஜிபி. மற்ற க்யூப்களை நினைத்து 1 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன். டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் புது அளவு எடுத்துக்கொள்ளும். ஓட்டினேன்: 1 மணி 20 நிமிடம்.

மிச்சம் கால்குலேட்டர் கேச்சில் இருந்தது. பலர் இதைத் தொடுவதே இல்லை, அது எனக்கு வருத்தம். எந்த ப்ளாக் இருக்கிறது, எது இல்லை என்று ஒவ்வொரு முறையும் தேடாமல் பிட்மேப் என்ற ஆம்-இல்லை அட்டவணையில் குறித்துக்கொள்ளும் இடம் அது. என்னிடம் நாலு ஸ்பார்ஸ் டைமென்ஷன்கள் (பெரும்பாலான சேர்க்கைகளில் தரவே இல்லாத பகுப்புகள்). அவற்றின் உறுப்புகள்: 8, 90, 700, கடைசியாகப் பொருள் 4,200. கடைசியானது நங்கூரம் (ஆங்கரிங் டைமென்ஷன்), அதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் பெருக்கினால் 5,04,000. ஒன்றுக்கு ஒரு பிட், ஆக எட்டால் வகுத்தால் 63,000 பைட். இது ஒரு பிட்மேப். பொருள் படிநிலையில் ஒரு பொருளைச் சார்ந்து கூட்டப்படும் மேல்நிலைகள் (பெற்றோர்) அதிகபட்சம் 5. அதோடு எப்போதும் வரும் 2 சேர்த்து 7 பிட்மேப்கள். 4,41,000 பைட் வேண்டும். இயல்பாகக் கிடைப்பது 2,00,000. அதனால்தான் லாகில் (ஓட்டத்தின் பதிவில்) 'சிங்கிள் பிட்மேப்' என்றே வந்துகொண்டிருந்தது. வெறும் அரை எம்பி கொடுக்காமல் எத்தனை ராத்திரி காத்திருந்திருக்கிறோம்!

கால்குலேட்டர் கேச்சின் 'ஹை' அளவை 5,00,000 பைட் ஆக்கி, ஸ்கிரிப்ட் தலையில் அதைக் கேட்கும் வரியையும் சேர்த்தேன். ஒரு ஸ்பார்ஸ் டைமென்ஷனையாவது முழுதாகக் கணக்கிட்டால்தான் இந்தக் கேச் வேலைக்கு வரும். எங்கள் ஸ்கிரிப்ட் பொருளை முழுதாகவே கூட்டுகிறது, அதனால் பிரச்சினை இல்லை.

இரவு பத்தரைக்குத் தொடங்கினேன். லாகில் 'மல்டிபிள் பிட்மேப்ஸ்' என்று வந்ததைப் பார்த்த பிறகுதான் சாப்பிடக் கீழே இறங்கினேன். பதினொன்று இருபதுக்கு முடிந்திருந்தது. மழை விடவில்லை.