கசியும் மைட்ரல் வால்வு: மாற்றுவதற்கு முன் ஒரு கேள்வி

இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ ரிப்போர்ட்டில் 'சிவியர் எம்.ஆர்.' (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வில் கடுமையான கசிவு) என்று வந்துவிட்டால், கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ கோயம்புத்தூர் வருகிற குடும்பம் முதலில் கேட்பது, "எந்த வால்வு வெப்பீங்க, எவ்வளவு ஆகுமுங்க?" அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: "இருக்கிற வால்வையே சரி பண்ண முடியுமாங்க?"

உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனை விடாமல். பழுதுபார்த்த வால்வுக்கு, இதயத்துடிப்பு சீராக இருந்தால், பெரும்பாலும் மூன்று மாதத்தோடு அந்த மாத்திரை நின்றுவிடும்.

வால்வின் இதழ்களைத் தசையோடு இழுத்துப் பிடிக்கும் நார்கள் அறுந்தால் இதழ் மேலே புரண்டு ரத்தம் பின்னோக்கிப் பாயும். அறுந்த நாருக்குப் பதில் கோர்-டெக்ஸ் என்ற செயற்கை நூல், பொதுவாக சி.வி.-4 அல்லது சி.வி.-5 என்ற தடிமனில். தசையில் ஃபெல்ட் துணித் துண்டு வைத்துக் குத்தி, இதழின் ஓரத்தில் ஏற்றி முடிச்சுப் போடுவார்கள். நீளம்தான் இதில் உயிர். சோமனூர்த் தறிக்காரருக்குப் பாவின் இழுவிசை எப்படியோ, அப்படி. நூல் நீண்டால் இதழ் பழையபடி புரளும். குட்டையானால் இதழ் கீழேயே இழுபட்டுக் கசியும். பக்கத்திலுள்ள நல்ல நாரை அளவாக வைப்பதே பாதுகாப்பு. வழுக்கும் நூல் என்பதால் நாலு முடிச்சு போதாது, ஏழெட்டாவது வேண்டும்.

பிறகு வால்வின் விரிந்த வாயை இறுக்க ஒரு வளையம். பெரும்பாலும் 28, 30, 32 என இரட்டைப்படை மில்லிமீட்டரில் வரும். முன்னிதழை அளந்து தேர்வு செய்வார்கள். அளவுக்கு மீறிச் சின்ன வளையம் போட்டால், முன்னிதழ் ரத்தம் வெளியேறும் பாதையை அடைத்துக்கொள்ளும்.

இடது கீழறைக்குள் சலைன் பாய்ச்சிக் கசிவு பார்ப்பார்கள். ஆனால் அப்போது இதயம் நின்றிருக்கும், முழு நம்பிக்கை வைக்க முடியாது. இதயத்துக்குப் பதிலாக ரத்தத்தை ஓட்டும் பைபாஸ் மெஷினிலிருந்து இறக்கியபின் உணவுக்குழாய் வழி எடுக்கும் எக்கோதான் தீர்ப்பு. கசிவு கணிசமாக மிஞ்சினால் அப்போதே மறுபடி மெஷினில் ஏற்றிச் சரிசெய்வதே நியாயம். 'பிறகு பார்க்கலாம்' என்பது நோயாளிக்குச் செய்யும் கெடுதல்.

சிறுவயது மூட்டுவாதக் காய்ச்சலால் கெட்ட வால்வு வேறு கதை. இதழே தடித்துச் சுருங்கியிருந்தால் எந்த நூலும் காப்பாற்றாது. அங்கே மாற்றுவதே சரி. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கி 1990 முதல் பொருத்தப்பட்டுவரும் சித்ரா வால்வையும் விசாரியுங்கள்.

வீடு திரும்பியபின் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் தள்ளிப்போடாதீர்கள்: மிச்சக் கசிவு வளையத்தில் மோதி ரத்த அணுக்கள் உடைவதாக இருக்கலாம். பல் பிடுங்கப் போனால், வளையம் வைத்திருப்பதைச் சொல்லி முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வாங்கிக்கொள்ளுங்கள்.