குன்னூர் வராண்டாவில் ஏழு பியர்

போன டிசம்பர் கடைசியில் என் மனைவியின் அண்ணன் வந்திருந்தார். பெல்ஜியத்தில் வேலை அவருக்கு. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் தலைக்கு 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டு வரலாம், எல்லோரும் அந்த இடத்தை விஸ்கிக்குத்தான் ஒதுக்குவார்கள், நான் இரண்டு மாதம் முன்பே போன் போட்டு, "மச்சான், விஸ்கி வேண்டாம், பியர் கொண்டு வாங்க, ஒவ்வொன்றும் வேறு வேறு ஊராக இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவருக்கும் அவர் மனைவிக்குமாகச் சேர்த்து 4 லிட்டர் கணக்கு. பாட்டில்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி, கோயம்புத்தூரில் இறங்கி, மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி ஒன்றுகூட உடையாமல் கொண்டு வந்து சேர்த்தார்.

நான் இங்கே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் ருசி பார்ப்பவன். தினமும் காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, உறிஞ்சி, துப்பி, அடுத்த கோப்பைக்குப் போவேன். எங்கள் தொழிலில் தேயிலைச் சாறுக்கே லிக்கர் என்றுதான் பெயர். பத்தொன்பது வருடமாக இதைச் செய்ததில் ஒன்று உறுதியாகத் தெரியும்: ஆவி பறக்கும் சூட்டில் எந்தத் தேநீரும் நன்றாக இருக்கும், ஆறினால்தான் அதன் குணம் தெரியும். பியருக்கும் இதையேதான் சொல்கிறேன், திசை மட்டும் நேரெதிர். ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தால் எல்லா பியரும் ஒன்றுதான். குளிர் நாக்கை மரத்துப்போகச் செய்யும், வாசனையையும் மேலே எழும்ப விடாது. கொஞ்சம் குளிர் விட்ட பிறகுதான் எது எந்த ஊர் என்று தெரிய ஆரம்பிக்கும். சமவெளியில் மே மாத வெயிலில் இதைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நியாயம்தான், அங்கே பியர் தாகத்துக்குக் குடிப்பது. குன்னூரில் டிசம்பர் ராத்திரி வராண்டாவே 11 டிகிரியில் இருக்கிறது (தொழிற்சாலைத் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன்). இந்தக் குளிரை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு எதற்குப் போக வேண்டும்?

நான், மச்சான், என் கூட வேலை பார்க்கும் கேத்தி நண்பர், பக்கத்து வீட்டு அண்ணன் என்று நான்கு பேர். ஆளுக்கு 100 மில்லிக்கு மேல் ஊற்றுவதில்லை, லேசானதில் தொடங்கிக் கனமானதில் முடிப்பது, நடுவில் உப்பில்லாத பொரியும் தண்ணீரும். துப்புவது மட்டும் கிடையாது. பியரின் கசப்பு விழுங்கிய பிறகுதான் தொண்டையில் நின்று பேசும்.

முதலில் நம் டாஸ்மாக்கில் வாங்கிய சாதாரண லாகர், அதாவது குளிரில் புளிக்க வைக்கும் பியர் வகை. நம் ஊர் லாகர்கள் பலவற்றில் பார்லியோடு அரிசியும் சேரும், அதனால் உடம்பு லேசு. 11 டிகிரியில் அது கொஞ்சம் தித்தித்தது, அவ்வளவுதான். அதன் இடம் குளிரும் வெயிலும்.

அடுத்து பில்ஸ்னர் உர்க்வெல். இதற்குத்தான் அன்றைக்குப் பாதி நேரம் போனது, ஏனென்றால் இரண்டு பாட்டில் கேட்டு வாங்கி, ஒன்றை ஃப்ரிட்ஜிலும் ஒன்றை வராண்டாவிலும் வைத்திருந்தேன். இன்று உலகம் முழுக்கக் குடிக்கும் பொன்னிற லாகருக்கு இதுதான் மூத்தது. 1842-ல் செக் நாட்டுப் பில்சன் ஊரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியாக்காரர் காய்ச்சியது. அந்த ஊர்த் தண்ணீர் மிக மென்மையானது, பியருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் என்ற பூ, சாட்ஸ் பகுதி ஹாப்ஸின் மணம் அதில் அப்படியே நிற்கும். தண்ணீர் என்ன செய்யும் என்று தேயிலைக்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதே நீலகிரித் தூளைக் கீழே போய்க் கடினமான போர் தண்ணீரில் போட்டால் சாறு மங்கி, மேலே ஏடு படியும். சரி, ஃப்ரிட்ஜ் பாட்டில் 4 டிகிரியில் இருந்தது: சில்லென்று இறங்கியது, கடைசியில் கசப்பு, வேறொன்றும் சொல்ல முடியவில்லை. வராண்டா பாட்டிலில் முதலில் வறுத்த ரொட்டி ஓர மணம், அப்புறம் புல் வாசம், அதன் பிறகு நிதானமான ஒரு கசப்பு. பாகற்காய்க் கசப்பு இல்லை, வேப்பம்பூவை நெய்யில் வறுத்தால் வருமே, அது. தேயிலையில் நான் தேடுவது துவர்ப்பு, அது ஈறைப் பிடிக்கும். ஹாப்ஸ் ஈறைப் பிடிப்பதில்லை, தொண்டையில் மெதுவாக மலர்கிறது. இந்த இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருப்பது எவ்வளவு வசதி! என்னைக் கேட்டால் 11 கூட ஒரு பங்கு கூடுதல்தான், ஃப்ரிட்ஜ் பாட்டில் கண்ணாடியிலேயே நின்று 7, 8 டிகிரிக்கு வந்தபோது குடித்த வாய்தான் மிகச் சிறந்தது.

மூன்றாவதாக ஒரு பச்சை பாட்டில் லாகர். இதை நானே கெடுத்துவிட்டேன், இரண்டு நாள் ஜன்னல் திண்டில் வெயில் படும்படி வைத்துவிட்டேன். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள்மேல் வெளிச்சம் பட்டால் அது உடைந்து கந்தகம் சேர்ந்த ஒரு சேர்மமாகிவிடும், பச்சைக் கண்ணாடி அந்த வெளிச்சத்தைச் சரியாகத் தடுக்காது, பழுப்புக் கண்ணாடிதான் தடுக்கும். திறந்ததும் அழுகிய பூண்டு நாற்றம். யாரும் குடிக்கவில்லை. மலைக்கு மேலே வெயில் கடுமை, பியரை இருட்டில் வையுங்கள்.

இங்கே இன்னொன்றும் கவனித்தோம். எல்லா பாட்டிலும் நுரை பொங்கித் தள்ளியது. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், அதனால் உள்ளே கரைந்திருக்கும் வாயு அவசரமாக வெளியே வருகிறது. கண்ணாடியை நன்றாகச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும்.

வைஹன்ஸ்டெஃபன் கோதுமை பியரை ஊற்றியதும் பக்கத்து வீட்டு அண்ணன் முகர்ந்து, "தம்பி, இதுல வாழைப்பழம் போட்டிருக்காங்களா?" என்றார். போடவில்லை. அந்த ஈஸ்ட் புளிக்கும்போதே வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் உண்டாக்குகிறது. பர்லியாரில் கிராம்பு மரத்தடியில் நின்று பழுத்த நேந்திரனைத் தின்ற மாதிரி. நான்கு பேருக்கும் பிடித்தது இது ஒன்றுதான்.

அப்போதுதான் பேச்சு இட்லி மாவுக்குப் போனது. டிசம்பரில் குன்னூரில் மாவு ராத்திரியில் பொங்காது, என் மனைவி பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கம் வைப்பார். ஈஸ்டும் அப்படித்தான், கோதுமை பியருக்கும் ஏல் வகைக்கும் உரிய ஈஸ்டுக்கு வெதுவெதுப்பு வேண்டும். லாகர் ஈஸ்ட் மட்டும் 10 டிகிரிக் குளிரிலும் நிதானமாக வேலை செய்யும், பிறகு வாரக்கணக்கில் இன்னும் குளிரில் கிடந்து தெளியும். ஜெர்மன் மொழியில் லாகர் என்பதற்கே சேமிப்புக் கிடங்கு என்றுதான் பொருள். நம் மலைக்கும் அந்தக் குளிர் இருக்கிறதே என்று மச்சான் சொன்னதும் கேத்தி நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பாட்டி காலத்தில் அவர்கள் நிலத்தில் பார்லி விளைந்ததாம். படகர்கள் இங்கே பார்லி பயிரிட்டதும், வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் பியர் காய்ச்சியதும் பழைய கதைதான். 1915-ல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவின் ஐந்து பியர் ஆலைகளைச் சேர்த்து யுனைடெட் ப்ரூவரீஸைத் தொடங்கியபோது, அந்த ஐந்தில் ஒன்றின் பெயர் நீலகிரிஸ் ப்ரூவரீஸ். இன்று இந்த மலையில் கேரட்டும் முட்டைக்கோசும் தேயிலையும்தான் தெரிகிறது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

கின்னஸ் கேனைத் திறந்தால் உள்ளே ஒரு சின்ன பிளாஸ்டிக் உருண்டை, அதிலிருந்து நைட்ரஜன் சீறி வந்து பாலாடை போல நுரை கட்டும். கறுப்பாக இருப்பதால் போதை அதிகம் என்று நினைக்கிறார்கள், 4.2 சதவீதம்தான். கறுப்பு நிறமும் கூடலூர்க் காப்பிக்கொட்டை மணமும் வறுத்த பார்லியிலிருந்து வருகின்றன.

அப்புறம் கூஸ், பெல்ஜியத்தின் புளிப்பு பியர். பிரஸ்ஸல்ஸ் பக்கம் சென் ஆற்றுப் படுகையில் குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சுவது, ஈஸ்டே போடுவதில்லை. காய்ச்சியதை ஆழமில்லாத பெரிய தொட்டியில் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தால் காற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தாமாக வந்து இறங்கும், பிறகு மரப்பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருடம் வரை கிடக்கும், இளசையும் முதிர்ந்ததையும் கலந்து பாட்டிலில் அடைப்பார்கள். அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணாடியைத் தள்ளி வைத்தார். எனக்கு அது நேராக நீராகாரம், அதிலே மாவடுத் தண்ணீர் நாலு சொட்டு, கூடவே ஈர மரத்தின் வாசம். பழைய சோற்றில் நடப்பதற்கும் அந்தப் பீப்பாயில் நடப்பதற்கும் ரொம்ப தூரமில்லை. ஏழில் எனக்கு முதலிடம் இதற்குத்தான், இங்கே வராண்டாக் குளிரே சரியான அளவு.

கடைசியாக ஷிமே நீலம், துறவிமடத்து பியர், 9 சதவீதம். இதை 11 டிகிரியிலும் குடிக்கக் கூடாது, கண்ணாடியை உள்ளங்கையில் ஏந்திப் பத்து நிமிடம் இருந்தால் பேரீச்சையும் கருப்பட்டியும் மெல்ல மேலே வரும். அதோடு எல்லோரும் பேச்சைக் குறைத்துவிட்டு நெருப்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 10 ரூபாய் வாங்கினேன். காட்டில் கிடக்கும் கண்ணாடி யானைக் காலைக் கிழிக்கிறது என்பதால் 2022-ல் நீலகிரியில் தொடங்கிய திட்டம் அது. வெளிநாட்டுப் பாட்டில்களை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள், கழுவி என்னிடமே வைத்திருக்கிறேன். கூஸ் இன்னொரு பாட்டில் திறக்காமல் இருக்கிறது, அது வருடக்கணக்கில் தாங்கும். படிக்கட்டுக்கு அடியில் இருட்டில் சாக்கு சுற்றி வைத்திருக்கிறேன், வருகிற டிசம்பரில் மச்சான் வந்ததும் திறக்க வேண்டும்.