வூட்ல சொல்லிக்கினு வந்தியா?

சென்னையில் ரோட்டைக் கடக்கிறவர் வீட்டில் சொல்லிவிட்டு வந்தாரா என்பதில் வண்டியோட்டிகளுக்கு இருக்கும் அக்கறை, சொந்த அத்தை மாமாவுக்குக்கூட இருக்காது. மாம்பலமானாலும் மாதவரமானாலும் கேள்வி இதேதான். அதுவும் ஜீப்ரா கிராசிங் நடுவில் நிற்பவரைப் பார்த்தால்தான் அந்த அக்கறை பொங்கிக்கொண்டு வரும்.

அண்ணா நகர் இரண்டாவது அவென்யூ, சாயந்திரம் ஆறேகால் மணி. ஜவுளிக்கடைக் கட்டைப்பையோடு ஒரு மாமி. பைக்கு வெளியே முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெள்ளைப் பட்டையில் ஒரு கால், பிளாட்பாரத்தில் ஒரு கால் என்று இரண்டு நிமிஷமாகத் தவம். திடீரென்று ஒரு தண்ணி லாரி நிற்கிறது. ஆமாம், தண்ணி லாரிதான். டிரைவர் கையை ஆட்டி "போம்மா, போ" என்கிறார். மாமி இறங்கி, லாரியின் மூக்கைத் தாண்டி அடுத்த அடி வைக்கிறார். லாரியின் வலப்பக்கத்திலிருந்து திடுமென்று ஒரு பைக். கிறீச். முருங்கைக்காய் பைக் கண்ணாடியில் டொக்கென்று தட்டுகிறது.

"வூட்ல சொல்லிக்கினு வந்தியா?"

"சொல்லிட்டுத்தாண்டா வந்தேன். நீ சொல்லிட்டு வந்தியா?"

மாமியின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். கண்ணில் பட்டு, மூளைக்கு உறைத்து, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி ஆகும். அதற்குள்ளேயே பதினாறு மீட்டர் போயாச்சு. பிரேக் பிடித்தபின் காய்ந்த ரோட்டில் இன்னொரு பத்து மீட்டர். லாரியின் நீளமோ எட்டு மீட்டர் சொச்சம். லாரியின் வாலருகே வரும்போதுதான் மாமியின் முருங்கைக்காய் தெரிகிறது என்றால், எட்டு மீட்டருக்குள் நிற்க பைக் 15 கிலோமீட்டரில் வந்திருக்க வேண்டும். அன்று ஊர்ந்து வந்ததால் காயோடு போயிற்று.

ஆகவே ஜீப்ராவுக்கு முன்னால் ஒரு வண்டி நிற்கிறதென்றால், "இவனுக்கு என்ன வந்துச்சு" என்று ஒடித்துக்கொண்டு முந்தக்கூடாது. அந்த வண்டிக்கு முன்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு, பக்கத்தில் போய் நிற்பதுதான் வழி. பஸ்ஸுக்கும் இதே கணக்கு. ஸ்டாப்பில் நிற்கிற பஸ்ஸுக்கு முன்னாலிருந்துதான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதித்து ஓடி வரும்.

லாரி டிரைவர் மேல் குற்றமே இல்லையா? நல்ல மனுஷர்தான், ஆனால் இரண்டு தப்பு. ஒன்று, பட்டையை ஒட்டியே நிறுத்தியது. நிறுத்தற்கோட்டிலேயே நின்றிருந்தால் அந்த இடைவெளியில் மாமிக்கு பைக்கும் பைக்குக்கு மாமியும் தெரிந்திருப்பார்கள். கோடு அழிந்திருந்தால் பட்டைக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்பே நின்றுவிடலாம். இன்னொன்று அந்த "போம்மா". தன் லாரிக்குத்தான் அவர் உத்தரவாதம் தர முடியும், பக்கத்து லேனுக்கு எப்படித் தருவார்? அந்தக் கையை வலப்பக்கம் வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க மேலும் கீழும் அசைத்திருந்தால் பின்னால் வருகிறவர்கள் வேகத்தைக் குறைத்திருப்பார்கள். லைசென்ஸுக்காக மனப்பாடம் செய்து, அன்றைக்கே மறந்துபோன அதே சைகைதான். ஹெட்லைட்டை மினுக்குவதும் வேண்டாம். நம்மூர் அகராதியில் அதற்கு "நான் நிக்க மாட்டேன், நீ நில்லு" என்று ஒரே அர்த்தம்.

"நான் நின்னா பின்னாடி வர்றவன் ஏத்திடுவான்" என்பார்கள். பொய்யில்லை. கடைசி நொடியில் பிரேக்கை மிதித்தால் ஏற்றத்தான் செய்வான். நாற்பது ஐம்பது மீட்டருக்கு முன்பே ஆக்சிலரேட்டரை விட்டு, கண்ணாடியைப் பார்த்து, பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட வேண்டும். பின்விளக்கு எரிவதைப் பார்த்து அவனும் தளர்வான், ஹார்னும் அடிப்பான். அடித்துவிட்டுப் போகட்டும்.

பிரேக்கையெல்லாம் பட்டைக்கு முன்பே முடித்துக்கொள்வது இரண்டு சக்கர வண்டிக்கு இன்னும் நல்லது. அது வெறும் பெயிண்ட் இல்லை, உருக்கி ஊற்றிய தெர்மோபிளாஸ்டிக். இரண்டரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். இரவில் பளபளக்க மேலே கண்ணாடி மணிகளைத் தூவியிருப்பார்கள். தூறல் விழுந்தால் அதன்மேல் டயர் பிடிக்காது. அடைமழையில் ஜீப்ரா மேல் சாஷ்டாங்கமாக விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கே வந்துதான் பிரேக்கைத் தேடியவர்கள்.

சட்டம் குழப்பமே இல்லாமல் இருக்கிறது. 2017-ல் வந்த மத்திய ஓட்டுநர் ஒழுங்குமுறைகளின்படி, சிக்னல் இல்லாத கிராசிங்கில் வேகம் குறைத்து, நின்று, நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் வழிவிட வேண்டும். முன்னால் டிராஃபிக் அடைத்திருந்தால் பட்டை மேல் ஏறி நிற்கக்கூடாது. நடைபாதையில் வண்டி ஓட்டவே கூடாது. மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஏ பிரிவில் 500 முதல் 1,000 ரூபாய் வரை. சிக்னலில் கவுண்ட்டவுன் பத்துக்கு வந்ததும் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, முன் சக்கரத்தைப் பட்டையில் வைத்து 'புக்' செய்கிறோமே, அதுவும் இந்தக் கணக்கில்தான். மாமி நடையில் பத்து மீட்டரைக் கடக்கப் பன்னிரண்டு விநாடி ஆகும். அந்தப் பன்னிரண்டில் எட்டை ஹார்ன் அடிக்கவே செலவழிக்கிறோம்.

இனி பிளாட்பாரம். நெரிசல் வந்தால் அது இரு சக்கர வாகனங்களுக்கான எக்ஸ்பிரஸ் வே. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் சொல்கிற கணக்கு, தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பல இடங்களில் முழங்கால் உயரத்தில் கட்டியிருப்பார்கள், மாமியால் ஏறவே முடியாது. தாழ்வாகக் கட்டிச் சரிவு வைத்தாலோ, சக்கர நாற்காலி வருவதற்குள் ஸ்கூட்டர் ஏறிவிடும். தடுக்க இரும்புத் தூண் நட்டால் என்ன? சக்கர நாற்காலி நுழைய 90 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சாதாரண பைக்கின் ஹேண்டில்பாரோ முக்கால் மீட்டருக்குள் அடங்கிவிடும். நாற்காலியை விட்டு பைக்கை மட்டும் மறிக்கும் தூணை எந்த இன்ஜினியரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்திருப்பவர் மனசு வைத்தால்தான் உண்டு.

அதே பிளாட்பாரத்தில் மஞ்சள் ஓடுகள் இருக்குமே, அழகுக்குப் பதித்ததில்லை. நீள வரி இருந்தால் நேரே போ, புள்ளி இருந்தால் நில், கவனி என்று பார்வையில்லாதவரின் கைத்தடிக்குச் சொல்லும் எழுத்து. அதன்மேல் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், தடியை நம்பி வருகிறவரின் கெண்டைக்கால் நேராகச் சூடான சைலன்சரில் போய் முடியும்.

நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2012-ல் அந்த வழக்கைப் போட்டவர் கோயம்புத்தூர் டாக்டர் எஸ். ராஜசேகரன். என்ன டாக்டர் என்கிறீர்களா? எலும்பு டாக்டர். சென்னையும் சும்மா இல்லை. நடப்பவருக்கும் சைக்கிளுக்குமாக மாநகராட்சி 2014-லேயே தனிக் கொள்கை வகுத்தது. 2019-ல் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. 2023-ல் மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாலமும் வந்தது. தரையில் நடக்க விடவில்லை என்றால் ஆகாயத்தில்தானே நடக்க வேண்டும்.

அண்ணா நகரில் லாரி டிரைவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். பைக்காரர் காலால் தள்ளித் தள்ளி இரண்டடி பின்னால் போகிறார். மாமி மீடியனில் ஏறி நின்று முருங்கைக்காயை எண்ணிப் பார்க்கிறார். ஒன்று முறிந்திருக்கிறது. எதிர்ப்பக்கம் பாதி ரோடு இன்னும் பாக்கி.