தனித்தீவில் இறங்கலாமா, கப்பலிலேயே இருந்துவிடலாமா?

பஹாமாஸ் பக்கம் உல்லாசக் கப்பலில் போகிறோம், கப்பல் கம்பெனி தன் பயணிகளுக்கென்றே வைத்திருக்கும் தனித்தீவில் இறங்குவது வீணா என்று தண்டையார்பேட்டை நண்பன் ஒருவன் கேட்டான். போன வருடம் தம்பி தயவில் அம்மாவோடு போய்வந்தவன் சொல்கிறேன்: இறங்கு, ஆனால் காலையிலேயே இறங்கு.

நாங்கள் போன தீவில் கப்பல் கரையை அணையாது, சிறு படகில்தான் கூட்டிப்போவார்கள். இட்லி இல்லாத காலை உணவை ஆற அமரச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியதில் படகுக்கே ஒன்றரை மணி நேரம் வரிசை. இறங்கியபோது நிழலில் ஒரு சாய்வு நாற்காலிகூட மிச்சமில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்த அம்மா, படகு ஆடியதற்கு அலறியவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். கரையில் கால் வைத்ததும், “ஏன்டா, மணலைப் பார்க்கவா இவ்ளோ தூரம் கூட்டியாந்தே?” என்றாள். அப்புறம் தண்ணீரில் இறங்கியவள் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் நகம் தெரிகிறது; எண்ணூர் கடலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு வேறென்ன வேண்டும்!

செலவு? மதியச் சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே சேர்த்தி. குடில், ஜெட் ஸ்கீ எல்லாம் தனிக் காசு. ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனியின் கோகோகே தீவில் கப்பல் நேராக ஜெட்டியிலேயே கட்டிவிடும், படகுத் தொல்லை இல்லை. ஆனால் 135 அடி உயரச் சறுக்கு உள்ள நீர்ப்பூங்காவுக்குத் தனி டிக்கெட். பிள்ளைகள் கூட வந்தால் மட்டும் வாங்கு. ஊர், கடைத்தெரு, உள்ளூர் மக்கள் எல்லாம் பார்க்க வேண்டுமென்றால் இது சரிப்படாது, பஹாமாஸ் தலைநகர் நாசோவில் இறங்கும் நாளில் பார்த்துக்கொள். காற்று பலமாக அடித்தால் தீவில் நிற்காமலே கப்பல் போய்விடுவதும் உண்டு.